ஒரு மீட்டர் ஓதம்

மெரினாவில் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஓதம் ஏறுவதோ வற்றுவதோ கண்ணில் படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூடச் சென்னைக் கடலின் உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வேறுபாடு. அஷ்டமி வாக்கில் அது 40 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கரைக்கு வந்து உடையும் சாதாரண அலையே அந்த உயரத்துக்கு எழும்புகிறது. ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏறி, இன்னொரு ஆறு மணி நேரத்தில் இறங்கும் நீரை அலைகளின் இரைச்சலில் யார் கவனிப்பார்கள்?

கவனிக்க வேண்டுமானால் எண்ணூருக்குப் போக வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் பாலத்தின் மேல் நின்றால் ஓதம் பட்டப்பகலில் வேலை செய்வதைப் பார்க்கலாம். நீர் ஏறும்போது ஆறு மேற்கு நோக்கி ஓடுகிறது. உச்சத்தை எட்டியதும் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்பிக் கிழக்கே ஓடத் தொடங்குகிறது. தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் எந்த உயரம்வரை நீர் வரும் என்பதைக் கோடு போட்டுக் காட்டுகின்றன. நீர் வற்றிய சேற்றில் உள்ளான்கள் இறங்கி அலகால் துழாவும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று சுற்றிலும் உள்ள மீனவக் குப்பங்களில் வலை இறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கைக்கடிகாரம் இல்லை, இந்தத் தண்ணீர்தான்.

இந்தியாவின் பெரிய துறைமுக நகரங்களில் ஒன்று இந்த ஒரு மீட்டரைச் சுற்றி வளர்ந்தது. வளர்ந்த பிறகு அதை மறந்துவிட்டது. சிறிய ஓதம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று எண்ணியே நூற்றைம்பது ஆண்டுகளாகக் கட்டியும் கொட்டியும் வந்திருக்கிறோம். ஓதம் சிறியதாக இருப்பதால்தான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

ஓதத்துக்குக் காரணம் நிலா என்பது கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அது எப்படி நடக்கிறது என்பதில்தான் பாடப்புத்தகப் படம் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. நிலா கடலை மேலே தூக்குவதாகப் படம் காட்டும். உண்மையில் ஓதத்தை எழுப்பும் விசை பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய விசை ஒரு குடம் நீரைக்கூட நேர்மேலே தூக்காது. பூமியின் நிலாவை நோக்கிய பக்கம் சற்றே அதிகமாகவும், மறுபக்கம் சற்றே குறைவாகவும் இழுக்கப்படுகிறது. இந்த வேறுபாடு கடல் நீரைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. மேலே தூக்கப் பூமியின் ஈர்ப்பு விடாது; பக்கவாட்டில் நகர அதற்குத் தடையில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள கடலில் எல்லா நீரும் ஒரே திசையில் இம்மியளவு நகர்ந்தாலே போதும், ஓரிடத்தில் நீர் சேர்ந்து மட்டம் உயர்ந்துவிடும். நிலாவுக்கு நேரே ஒன்று, அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இன்னொன்று என இரண்டு இடங்களில் அப்படிச் சேர்கிறது. அதனால்தான் நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னேறிவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க இன்னும் 50 நிமிடம் ஆகிறது. எனவே அடுத்தடுத்த இரு ஏற்றங்களுக்கு நடுவே 12 மணி 25 நிமிடம். இன்று காலை ஆறு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால் நாளைக் காலை ஏழுக்குச் சற்று முன்பு இருக்கும். சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. நிறையில் நிலாவைவிட இரண்டரைக் கோடி மடங்குக்கும் மேல் பெரியது என்றாலும், ஓத விசை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்துபோவதால், சூரியனின் பங்கு நிலாவினுடையதில் பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கப் பேரோதம் வருகிறது. அரைநிலா நாட்களில் ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடச் சிற்றோதம்.

இதெல்லாம் பூமி முழுவதும் கடலாக இருந்தால் நடக்கும் கணக்கு. நடுவே கண்டங்கள் இருக்கின்றன. ஆகவே ஓதம் நிஜத்தில் ஒரு மிக நீண்ட அலையாகக் கடல்களின் வடிவத்துக்குக் கட்டுப்பட்டுப் பயணம் செய்கிறது. ஆழ்கடலில் அதன் உயரம் குறைவு. கரையோரத்தின் ஆழமற்ற கண்டத்திட்டின்மேல் ஏறும்போது வேகம் குறைந்து, பின்னால் வரும் நீர் நெருக்க, உயரம் கூடுகிறது. திட்டு எவ்வளவு அகலமோ, விரிகுடா எவ்வளவு குறுகிக்கொண்டே போகிறதோ, அவ்வளவுக்கு ஓதம் வளரும். மும்பைக்கு எதிரே திட்டு மிக அகலமானது. அங்கே பேரோதத்தின் ஏற்ற இறக்கம் மூன்றரை மீட்டரைத் தாண்டுகிறது. இன்னும் வடக்கே, புனல்போல ஒடுங்கும் காம்பே வளைகுடாவின் பவநகரில் பத்து மீட்டர் அளவுக்குப் போகிறது. மும்பையின் இந்திரா கப்பல்துறையில் கதவு வைத்துத் தண்ணீரைத் தேக்கி நிறுத்த வேண்டியிருப்பது இதனால்தான்; கதவில்லாவிட்டால் வற்றத்தின்போது கப்பலுக்குப் போதிய ஆழம் கிடைக்காது. வங்கக் கடலிலும் வடக்கே போகப் போக ஓதம் பெருகி, ஹூக்ளி முகத்துவாரத்தில் நான்கு மீட்டரைக் கடந்துவிடுகிறது. சென்னைக்கு எதிரே திட்டு குறுகியது. கரையும் நேர்கோடாக ஓடுகிறது, நீரை நெருக்க வளைகுடா எதுவும் இல்லை. ஆகவே நமக்குக் கிடைத்தது ஒரு மீட்டர். சென்னைத் துறைமுகத்துக்குக் கதவு தேவைப்படவில்லை.

அந்த ஒரு மீட்டரை மிகக் கவனமாக அளந்தவர்களும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நில அளவைத் துறை கராச்சியிலிருந்து ஒடிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட் வரை ஒன்பது துறைமுகங்களில் ஓதத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் அடக்கம். ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும் நீரின் சராசரியைக் கண்டுபிடித்து, அதையே நாட்டின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படையாக 1909இல் வைத்தார்கள். உங்கள் ஊர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேலே இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கடல் மட்டம் இப்படி ஓதத்திலிருந்து பிறந்ததுதான்.

சராசரி மட்டமும் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. சென்னைக் கரையில் அது கோடையின் தொடக்கத்தில் தாழ்ந்தும், ஐப்பசி கார்த்திகையில் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்தும் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை வலப்புறம் தள்ளுகிறது. வலப்புறத்தில் இருப்பது நம் கரை. வடக்கேயுள்ள பேராறுகள் கொட்டிய நன்னீர் கலந்த எடை குறைந்த நீரும் அதே சமயத்தில் வந்து சேர்கிறது. ஆக, நமக்குப் பெருமழை பெய்யும் மாதங்களில்தான் கடலும் தன் ஆண்டின் உயர்ந்த மட்டத்தில் நிற்கிறது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

இனி உயிர்களுக்கு வருவோம். எண்ணூர்க் கழிமுகம், அதற்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி இரண்டிலும் வாழ்வைத் தாங்கி நிற்பது இறால். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சு சில வாரங்களில் பல உருமாற்றங்களைக் கடந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும், அதற்குக் கழிமுகம் வேண்டும். அங்கேதான் தீனி மிகுதி, பெரிய மீன்களின் தொல்லை குறைவு, ஒளிந்துகொள்ளச் சேறும் வேரும் உண்டு. ஆனால் கண்ணாடித் துணுக்குப்போன்ற அந்தக் குஞ்சால் கடலிலிருந்து ஆற்றுக்குள் எதிர்நீச்சல் போட முடியாது. அது கையாளும் வழி மிக அழகானது. ஓதம் ஏறும்போது அடிமட்டத்திலிருந்து மேலே எழும்பி நீரோட்டத்தில் தன்னை ஒப்படைக்கிறது. ஓதம் திரும்பியதும் தரைக்கு இறங்கி, ஓட்டம் பலவீனமாக இருக்கும் அடிமண்ணில் ஒண்டிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி எழும்பும். மேலேறுவதும் அடியில் தங்குவதுமாகச் சில ஓதங்களில் கழிமுகத்தின் உட்பகுதியை அடைந்துவிடும். நீரின் அழுத்தமும் உப்பின் அளவும் மாறுவதை உடலால் உணர்ந்து இதைச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மூன்று, நான்கு மாதம் வளர்ந்த பின் திரும்பிப் போகும் பயணம். இப்போது கணக்கு தலைகீழ்: வற்றும் நீரில் இறங்கிக் கடலுக்குச் செல்கிறது, அதுவும் பெரும்பாலும் இரவில். பேரோத நாட்களில் ஓட்டம் பலமாக இருப்பதால் அப்போது கூட்டமாகப் புறப்படும். முகத்துவாரத்தில் வலை கட்டுபவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமி ராத்திரிகள் முக்கியமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆய்வகம் சொல்வதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மீனவர்களின் வலை இதை அறிந்திருக்கிறது.

அறிந்ததோடு நிற்கவில்லை, அதன்மேல் ஒரு சட்டத்தையும் கட்டினார்கள். முகத்துவாரத்தை ஒட்டி ஓட்டம் நன்றாக இருக்கும் இடங்கள் குறைவு. எல்லோருக்கும் அவை வேண்டும். பழவேற்காட்டில் இதற்குப் பாடு முறை இருக்கிறது. எந்தத் தலைக்கட்டு எந்தப் பாட்டில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் ஊரே தீர்மானிக்கும். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓதத்தின் முறைவைப்பை மனிதர்களின் முறைவைப்பாக மாற்றிய இந்த ஏற்பாட்டைப் பொதுவளங்களைப் பற்றி ஆராய்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து படித்திருக்கிறார்கள். பாட்டில் இடமில்லாதவர்களும் ஓதத்தை நம்பித்தான் வாழ்கிறார்கள். நீர் வற்றியதும் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறி பற்களுக்கு நடுவே கவ்வப்பட்டிருக்கும். இரண்டு கைகளும் தடவ வேண்டுமல்லவா? படகும் வலையும் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அன்றைய கூலி அந்தச் சேற்றிலிருந்து வருகிறது. சேறு கெட்டால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்.

ஓதம் தரும் இந்த வாழ்வெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அங்கேதான் துறைமுகத்தின் கதை வந்து சேர்கிறது.

நம் கரையில் நீர் மட்டும் நகரவில்லை, மணலும் நகர்கிறது. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் ஒவ்வோர் அலையும் சிறிது மணலைக் கரையோடு தள்ளிக்கொண்டு போகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் இந்த ஓட்டம் நடக்கிறது. வடக்கு நோக்கிய காலம் நீளமானது. வரவு செலவு பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலை கடந்து கரை சேர்ந்தன. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுக்குள் இரு கைகளாகக் கருங்கல் சுவர்கள் நீண்டன. 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. திரும்பக் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த நுழைவாயிலை மணல் தூர்த்துக்கொண்டே வந்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைத்த பிறகே துறைமுகம் நிலைபெற்றது. கப்பலுக்குப் பிரச்சினை தீர்ந்தது. மணலுக்குத் தீரவில்லை. வடக்கே போக வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. அப்படிக் குவிந்ததுதான் இன்றைய மெரினாவின் அகலம். அதற்கு முன்பு கடல் புனித ஜார்ஜ் கோட்டையின் சுவரை ஒட்டியே இருந்தது. சுவருக்கு வடக்கே மணல் வரவு நின்றுபோக, அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குள் போன குப்பங்கள் எத்தனையோ. இன்று அந்தக் கரை முழுக்கப் பாறாங்கற்கள். தென்சென்னைக்குக் கிடைத்த கடற்கரை வடசென்னையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்லிப் பழக வேண்டும். 2001இல் எண்ணூரில் காமராசர் துறைமுகமும், பத்தாண்டு கழித்து அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபோது இதே சங்கிலி இன்னும் வடக்கே நீண்டது.

முகத்துவாரத்தில் இந்த மணலும் ஓதமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. மணல் வாயைத் தூர்க்கப் பார்க்கிறது. ஓதம் நாளுக்கு நான்கு முறை, இரண்டு முறை உள்ளேயும் இரண்டு முறை வெளியேயும் பாய்ந்து, படிந்த மணலை அரித்துத் துடைக்கிறது. யார் வெல்வார்கள் என்பதை அமெரிக்கப் பொறியாளர் மொரோ ஓ'பிரையன் 1931இல் ஒரு எளிய உறவாகக் கண்டார். ஓர் ஏற்றத்தில் உள்ளே நுழைந்து வற்றத்தில் வெளியேறும் மொத்த நீரை ஓதக் கொள்ளளவு என்போம். முகத்துவாரத்தின் குறுக்களவு இந்தக் கொள்ளளவைப் பொறுத்தே அமைகிறது. உள்ளே பரப்பு பெரியதாக இருந்தால் வாய் அகலமாகவும் ஆழமாகவும் தன்னைத் தானே வைத்துக்கொள்ளும். உள்ளே பரப்பு சுருங்கினால் வாயும் சுருங்கும். நீங்கள் எத்தனை முறை தூர்வாரினாலும் மறுபடி அதே அளவுக்குத் திரும்பிவிடும். துறைமுகத்துக்கு அருகே கூவம் ஆற்றின் வாய் அடைத்துக்கொண்டே இருப்பதும், இயந்திரம் வைத்து மணல் அள்ளிக்கொண்டே இருப்பதும் இந்தக் கணக்கின்படிதான்.

கொள்ளளவு என்பது பரப்பையும் ஓத உயரத்தையும் பெருக்கி வருவது. மும்பையில் உயரம் தாராளம். பரப்பில் கொஞ்சம் போனாலும் ஓட்டத்துக்கு வேகம் மிச்சமிருக்கும். சென்னையில் உயரம் ஒரு மீட்டருக்குள். ஆகவே நம்மிடம் உள்ள ஒரே செல்வம் பரப்பு: சதுப்பு, சேற்றுவெளி, உப்பளம், அலையாத்திக் காடு, ஓடைகள். ஓர் ஏக்கர் சேற்றுவெளியில் அரை மீட்டர் நீர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நீரின் அளவு 20 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நூற்றறுபது நடைக்கு மேல். ஒரே ஏக்கர், ஒரே ஓதம். அந்த ஏக்கரில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் இவ்வளவு நீரும் அன்று முதல் முகத்துவாரத்தைத் துடைக்க வராது. அடுத்த ஓதத்துக்கும் வராது, அதற்கு அடுத்ததற்கும் வராது.

எண்ணூரில் கொட்டப்பட்டது மண் மட்டுமா? அனல் மின் நிலையங்களின் சாம்பல் குழம்பாகக் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குச் செல்கிறது. அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்காகக் கசிந்தும் உடைந்தும் ஆற்றில் சாம்பலை ஊற்றின. அது இறங்கிய இடத்தில் ஆற்றின் அடி மேடேறியது. படகு போன இடங்களில் நடந்து போகலாம் என்று மீனவர்கள் சொல்லும் நிலை வந்தது. போதாததற்கு மின் நிலையத்தைக் குளிர்வித்த வெந்நீரும் அதே ஆற்றில் விடப்படுகிறது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சாம்பலுக்கு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்க ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பின்னால் இருப்பது குப்பத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய மனுக்களும், எடுத்துக் காட்டிய படங்களும், நின்ற போராட்டங்களும்.

கப்பல்கள் தாமே கொண்டுவந்த ஒன்றும் இருக்கிறது. சரக்கில்லாமல் வரும் கப்பல் நிலைகுலையாமல் இருக்க ஏதோ ஒரு துறைமுகத்தின் நீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு வரும். இங்கே சரக்கேற்றும்போது அதை வெளியே விடும். அந்த நீரில் அங்கத்திய உயிர்களின் குஞ்சுகளும் வந்துவிடும். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிறிய கறுப்புச் சிப்பி இப்படித்தான் உலகின் பல துறைமுகங்களுக்குப் பரவியது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர். ஒன்றோடொன்று நூலால் பிணைந்து, ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோலப் படர்கிறது. அதன் அடியில் மணலுக்குள் இறால் புதைய முடியாது. மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. கால் வைத்தால் பாதம் கிழியும். சேற்றில் இறங்கிக் கையால் பிடிப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கப்பல்கள் இந்த நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. வந்துவிட்ட சிப்பியை அது திருப்பி அனுப்பாது. குஞ்சுகளை ஓடைக்கு ஓடை எடுத்துச் சென்று விதைப்பதும் இதே ஓதம்தான்.

ஓதத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. இறால் குஞ்சைச் சுமக்கும் அதே நீர் 2023 டிசம்பரில் எண்ணெயைச் சுமந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளிவந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் ஓடைக்குள் புகுந்தது. வெள்ளம் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஓதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வோர் ஏற்றமும் எண்ணெயை அலையாத்தி வேர்கள்வரை உயர்த்தியது. ஒவ்வொரு வற்றமும் அதை வேரிலும் சேற்றிலும் படகிலும் பூசிவிட்டு இறங்கியது. அலையாத்தியின் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருப்பது காற்றுக்காக; அவற்றின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் மரத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அந்த நாட்களில் மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். பெருந்தொழிற்சாலைகள் சூழ்ந்த ஓர் இடத்தில், வீட்டுப் பாத்திரத்தால் தங்கள் ஆற்றைத் துடைக்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது மன்னிக்கக்கூடியதல்ல.

வெள்ளத்தின் கணக்கு இப்போது எளிதில் விளங்கும். 136 கிலோமீட்டர் ஓடிவரும் கொசஸ்தலையின் நீர் கடலில் இறங்க வேண்டும். மழை மாதத்தில் கடலின் சராசரி மட்டமே உயர்ந்திருக்கிறது. அதன்மேல் பேரோதம் ஏறினால், புயல் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளினால், ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே சரிவே இல்லாமல் போய்விடுகிறது. கடல் வாங்கவில்லை என்று வடசென்னையில் சொல்வது இதைத்தான். ஓதம் இறங்கும்வரை அந்த நீர் எங்காவது காத்திருக்க வேண்டும். முன்பு சதுப்பிலும் உப்பளத்திலும் காத்திருந்தது. அவை மேடான பிறகு வீடுகளில் காத்திருக்கிறது.

இத்தனைக்கும் சட்டத்தில் ஓதத்துக்கு இடம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் 1991இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டபோதே உயர் ஓதக் கோடுதான் அதன் அடிப்படை. உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடையில் உள்ள நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆற்றிலும் ஓடையிலும் ஓதத்தின் செல்வாக்கு எதுவரை என்பதை வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எங்கே தென்படுகிறதோ அதுவரை என்று வைத்திருக்கிறார்கள். ஓடைக் கரையில் விதி பொருந்தும் அகலம் 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019இல் அந்த 100 மீட்டர் 50 ஆக்கப்பட்டது. கோடு எங்கே விழுகிறது என்பதைக் காட்டுவது வரைபடம். 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடம் எண்ணூர் ஓடையை ஏறத்தாழ 6,500 ஏக்கர் அளவில் காட்டியது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் அந்த ஓடையே இல்லை. நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறிக்கொண்டிருந்த இடம் தாளில் காணாமற்போயிருந்தது.

கடற்கரை மேலாண்மை வரைபடங்களை இறுதி செய்வதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்பது கட்டாயம். வரைவு வெளியாகும்போது பெரும்பாலும் மீனவர்கள் மட்டுமே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். அது நகரம் முழுவதன் வேலை. மணலியில், மீஞ்சூரில், திருவொற்றியூரில் வெள்ளத்தில் நின்ற ஒவ்வொரு குடும்பத்தின் வேலை. அடுத்த முறை அந்த வரைபடம் பார்வைக்கு வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பௌர்ணமிக்கு அடுத்த நாள் ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எண்ணூர்ப் பாலத்துக்குப் போய் நில்லுங்கள். நீர் ஏறியிருக்கும் இடமெல்லாம் அதில் நீராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.